உள்ளூர் சேனல்

"மதியச் செய்திக்குள்ள கேபிளப் புடுங்கிடணும் வளவன். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் லியோ.

"மேட்ச் இருக்கா சார்?" என்று சிரித்துக்கொண்டே ஏணியைச் சுவரில் சாய்த்தான், இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்க வந்த வளவன். லியோ ஆமாம் என்று தலையாட்டி வைத்தான். சிரிக்கத்தான் வரவில்லை.

ஹாலில் அம்மா ஆரோக்கியம் செபமாலையுடன் உட்கார்ந்திருந்தாள். கேபிளை எடுத்துவிட்டு நெட் டிவி போடலாம் என்று இரண்டு வருடமாக லியோ கெஞ்சியபோதெல்லாம் அவள் மசியவில்லை. "ஊருல யார் வீட்டுல கல்யாணம், யார் வீட்டுல சாவுன்னு எனக்கு உள்ளூர் சேனல்லதானடா தெரியுது? அதையும் புடுங்கிட்டா நான் என்ன செவுத்தையா பாத்துட்டு உக்காந்திருக்குறது?" என்று சண்டைக்கு வருவாள். இன்றைக்கும் அப்படி ஒரு பாட்டு கேட்கத் தயாராகத்தான் பேச்சை எடுத்தான்.

"உன் இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த மணியை உருட்டினாள் அம்மா.

சமையலறைக்குள் நுழைந்ததும் மனைவி சான்ட்ரா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மனசு கேக்கலீங்க. அவங்க கூடப் பொறந்த தம்பி. கடைசியா ஒரு தடவை மொகத்தப் பாக்க வேணாமா? நாளைக்கு அத்தை கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"நாளைக்கு என்ன வேணா கேக்கட்டும். கேக்குறதுக்கு அவங்க இருக்கணும்ல?"

அன்று விடியற்காலையிலேயே லியோவின் செல்லுக்குச் செய்தி வந்துவிட்டிருந்தது. பூதலூரில் ஜெரால்ட் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார், சாயங்காலமே அடக்கம். அம்மாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதிர்ச்சியான சேதி எதையும் காதில் போடாதீர்கள் என்று டாக்டர் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

செல்லை வைத்துவிட்டு அவன் மாடியிலிருந்து அடித்துப் பிடித்து இறங்கி வந்தபோது, அம்மா பழைய லேண்ட்லைன் போனின்மேல் துணியைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். எழுந்ததும் டிவியைப் போடுகிறவள், அன்றைக்கு அதையும் போடவில்லை. மாதாவே காப்பாற்றினாள் என்று அவனுக்கு உயிர் வந்தது.

ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? மாமா பூதலூரில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். மதியத்துக்குள் உள்ளூர் சேனலில் படம் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணீர் அஞ்சலி ஓட்டிவிடுவார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக லேண்ட்லைனில் கூப்பிட்டு ஒப்பாரி வைப்பார்கள். கேபிளும் போக வேண்டும், போனும் போக வேண்டும். அப்போதுதான் வளவனின் ஞாபகம் வந்தது. புது கனெக்‌ஷனுக்குப் பழைய லேண்ட்லைன் நம்பர் மாறி வர நாளை ஆகும், அதுவரை போன் அடிக்காது என்று வளவன் சொன்னதும், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான்.

அப்பா இல்லாத வீட்டில் அவனைத் தோளில் போட்டு வளர்த்தவர் மாமா. வாய்விட்டு அழக்கூட வழியில்லாமல், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதான் லியோ. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது கேபிள் ஒயர் சுருண்டு தரையில் கிடந்தது.

வளவன் புது ரிமோட்டை அம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தான். "இந்த பட்டன அமுக்கிட்டு என்ன வேணுமோ வாயால சொன்னா போதும்மா. வந்துரும்."

"கோயில் பூசையெல்லாம் தெரியுமா தம்பி?"

"பேஷா தெரியும். வேளாங்கண்ணிதான்னு இல்ல, இப்ப சின்னச் சின்னக் கோயில்லகூட செல்போன ஸ்டாண்டுல மாட்டி லைவா உட்டுர்றாங்க. உக்காந்த எடத்துலயே பாக்கலாம்."

"நல்லதுப்பா" என்றாள் அம்மா. உள்ளூர் சேனலுக்குப் பதில் பூசையாவது பார்த்துப் பொழுதைப் போக்கட்டும் என்று லியோவுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மதியம் ஒரு பிடி ரசம் சாதத்தோடு அம்மா எழுந்துவிட்டாள். லியோவுக்கும் சோறு இறங்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டால் சந்தேகப்படுவாளோ என்று ஆபீஸுக்குப் போடுகிற கட்டம் போட்ட சட்டையையே மாட்டிக்கொண்டான்.

"ஆபீஸ்ல ஆடிட்டும்மா. வர ராத்திரி ஆயிரும். நீங்க மாத்திரையப் போட்டுட்டு நல்லாப் படுத்துத் தூங்குங்க."

அம்மா தூங்கப் போகவில்லை. நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டு, முக்காடிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த ரிமோட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"எனக்கு இதுல பேச வரலப்பா. பூதலூர்க் கோயிலப் போட்டு விட்டுட்டுப் போ."

நீட்டிய ரிமோட்டை லியோ வாங்கவில்லை. "இ... இப்ப எதுக்கும்மா?"

"பொட்டிய மூடுறதுக்குள்ள என் தம்பி மொகத்தப் பாத்துக்குறேன்."