கல் சில்வண்டு

சீனாவின் அரண்மனை அருங்காட்சியகத்தில், கண்ணாடி மூடிய மேசைக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு ஜேட் கல் சில்வண்டு கிடந்தது.

"இதை எதுக்கும்மா செதுக்கினாங்க?" என்று மருமகளிடம் கேட்டாள் தில்லையம்மாள்.

மதி பலகையைப் படித்தாள். "செத்தவங்க நாக்குல வைப்பாங்களாம் அத்தை. மண்ணுக்குள்ளருந்து இது வெளிய வர்ற மாதிரி மறுபடி பொறந்து வரணும்னு."

"நம்ம வாய்க்கரிசி மாதிரியா?"

கொரோனாவில் போன கணவரைப் பொட்டலமாகக் கட்டித்தான் எடுத்துப் போனார்கள். தில்லையம்மாளைப் பக்கத்தில்கூட விடவில்லை. அன்று போட முடியாத அரிசி இன்னும் அவள் கைப்பையில் முடிச்சாக இருந்தது. அதை அவிழ்த்து, சில்வண்டுக்கு நேர்மேலே கண்ணாடியில் ஒரு சிட்டிகை வைத்தாள்.

"இந்தாங்க, வாயத் தெறங்க. லேட்டாயிடுச்சுன்னு மூஞ்சியத் தூக்காதீங்க."

"ஐயோ அத்தை, எடுங்க, வர்றாங்க!"

காவலுக்கு நின்ற சீனப் பெண் வேகமாக வந்தாள். அரிசியைப் பார்த்தாள், சில்வண்டைப் பார்த்தாள். பிறகு, கூட்டம் அந்தப் பக்கம் வராதபடி, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.