பதினான்காம் எண்

அலுவலகத்தில் அவனுக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். இணையம் படுத்துவிட்டது என்று எந்த வீட்டிலிருந்து கூப்பிட்டாலும், அவன் வாயிலிருந்து முதலில் விழும் சொல் அதுதான்.

அன்று காலை மேலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். “இன்னொரு தடவை லேட்டுன்னு புகார் வந்தா நீ வேற வேலை பாத்துக்கலாம். இந்த வீட்டுல நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அவங்க கையால நாலு நல்ல வார்த்தை எழுதி வாங்கிட்டு வா.”

அதனால்தான் அந்த வீட்டின் மணியை அவன் இரண்டு மணிக்கே அழுத்தினான்.

கதவு திறக்க நேரமாயிற்று. ரப்பர் கையுறை போட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“இன்டர்நெட் கம்பெனியிலேர்ந்து வரேன் சார். சீக்கிரமே வந்துட்டேன்.”

“ரொம்பச் சீக்கிரம்,” என்றார் அவர். பிறகு தன் கையுறையைப் பார்த்துக்கொண்டு, “துடைச்சிட்டிருந்தேன்” என்றார்.

கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். அவர் மனைவி வெள்ளித் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“வீடு மாத்துறீங்களா மேடம்?”

“எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துட முடியுமா தம்பி? முக்கியமானதை மட்டும்.”

அவன் தரையில் சம்மணமிட்டு மடிக்கணினியைத் திறந்தான். “உங்க இணைப்புல யாரோ புகுந்து திருடுறாங்கன்னு சொல்லியிருக்கீங்க. கவலையே படாதீங்க. திருடன் எங்க இருந்தாலும் பிடிச்சிடுவேன்.”

ஒரு தட்டு கை நழுவி, கூடத்தின் மறுகோடிவரை உருண்டு போயிற்று.

“எப்படிப் பிடிப்பீங்க?” என்றார் கணவர் மெல்ல.

கரும்பு தின்னக் கூலியா என்பது போல அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “இந்த ரவுட்டர் ஒரு லாட்ஜ் மாதிரி சார். உள்ள வர்ற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ரூம் நம்பர் கொடுக்கும். நம்பர் வாங்காம ஒரு ஈ கூட நுழைய முடியாது. மனுஷன் பொய் சொல்லுவான், நம்பர் சொல்லாது.”

எண்ணையும் கருவியையும் ஒவ்வொன்றாக வாசித்தான். டிவி. பிரிண்டர். மாடியில் ஒரு லேப்டாப்.

“அட, மாடியில ஒண்ணு இருக்கில்ல,” என்று அந்த அம்மாள் எழுந்து போய் எடுத்து வந்து பெட்டியில் வைத்தாள்.

“பதினாலாம் நம்பர்ல ஒரு கேமரா. உங்களுதா?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “சத்தியமா எங்களுது இல்ல தம்பி.”

புத்தக அலமாரியில், இரண்டு தடித்த நாவல்களுக்கு நடுவே, தீப்பெட்டி அளவில் அது கிடைத்தது.

“பாத்தீங்களா? வீட்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு நம்மளை நோட்டம் விட்டிருக்கான்.”

“நாங்க பண்ணினதெல்லாமா?” அந்த அம்மாள் ஒரு பெட்டியின் பின்னால் நகர்ந்தாள்.

“ஒண்ணு விடாம.”

“அழிச்சிட முடியுமா?”

“அது என் பொறுப்பு.” பதினான்காம் எண்ணை முடக்கி, அதில் பதிவாகியிருந்ததைக் கடைசி நிமிடம்வரை துடைத்தெடுத்தான். அவர்களுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வாங்கும் சம்பளத்துக்கு மேலேயே உழைத்தான். இரண்டு பெட்டிகளைத் தானே தூக்கிப் போய் அவர்கள் காரில் ஏற்றினான். கணவர் காரின் மேல் படிவத்தை வைத்து, யோசித்து யோசித்து எழுதி, மடித்துக் கொடுத்தார். கார் கிளம்பியது. அந்த அம்மாள் கையசைத்தாள்.

தெருமுனையை அடைவதற்குள் மேலாளர் கூப்பிட்டார்.

“டேய் நாளைக்கு, அந்த வீட்டம்மா இப்பதான் போன் பண்ணாங்க. குடும்பத்தோட ஊர்லேர்ந்து வந்துட்டிருக்காங்களாம். நாலு மணிக்குத்தான் வீட்டையே திறப்பாங்களாம். முன்னாடியே போய்ப் பூட்டின கதவைத் தட்டிட்டு நிக்காத.”

அவன் படிவத்தைப் பிரித்தான். ஐந்து நட்சத்திரங்களையும் வட்டமிட்டிருந்தார்கள். அடியில் முத்து முத்தான கையெழுத்தில் ஒரே ஒரு வரி.

‘இந்தத் தம்பி மட்டும் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காவிட்டால், நாங்கள் நிச்சயம் மாட்டிக்கொண்டிருப்போம்.’