மேடையில் கண்ணாடி வேண்டாம்

"கூடப் பொறந்தவன் வந்து நிக்கிறான். பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டயே ஹேமா, உனக்கே நல்லா இருக்கா?"

ராஜபாண்டி உட்காரக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன மோதிரப் பெட்டி ஒன்றை எடுத்து டீவி மேசை மேல் வைத்தான்.

ஹேமாவதிக்குக் கல்யாணமாகி அன்று நாலாவது நாள். மறுவீட்டு விருந்துக்காகப் புது மாப்பிள்ளையோடு ஓடைப்பட்டிக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குத் திராட்சைத் தோட்டம் காட்ட அப்பா கூட்டிப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் ராஜபாண்டி வந்தான். அவள் அண்ணன் சுரேஷ்கண்ணனின் சிநேகிதன். கேரளப் பக்கம் கட்டப்பனைக்குத் திராட்சை லோடு அடிக்கிறவன்.

சுரேஷ்கண்ணனும் கட்டப்பனையில்தான் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே ஒரு மலையாளப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். "இனி இந்த வாசப்படி மிதிக்காத" என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். இவனும் அவர் பிள்ளைதானே, மிதிக்கவில்லை.

ஹேமா எழுந்துவிட்டாள். "அண்ணே வந்துச்சா? கல்யாணத்துக்கா?"

"நடிக்காத தாயி. மேடைக்கு நேரா நின்னுருக்கான். மாப்ளைக்கு மச்சினன் போடுற மோதிரம், அதையும் செஞ்சு எடுத்துட்டுத்தான் வந்திருக்கான். நீ லேசாத் தலைய அசைச்சிருந்தா, அப்பா என்ன சொன்னாலும் சரின்னு மேல ஏறியிருப்பான். நீ கண்ணச் சுருக்கி அவன ஒரு முறை முறைச்சயாம். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டயாம். பஸ்ஸு கம்பம் மெட்டு மலை ஏறுற வரைக்கும் அழுதிருக்கான்."

அடுப்படியிலிருந்து அம்மா ஜோதிலட்சுமி வந்தாள். பெண்ணைத் திட்ட வேண்டுமென்றால் அவள் எப்போதும் முந்திக்கொள்வாள்.

"நல்லாக் கேளு ராஜபாண்டி. அண்ணன் இல்லாமக் கல்யாணமான்னு அத்தன நாளு அழுதா. வந்தவன வான்னு கூப்பிட வாய் வரலையா இவளுக்கு?"

"அம்மா, அன்னைக்கு எனக்குத்தான் கண்ணு தெரியாதே" என்றாள் ஹேமா.

அது உண்மை. ஹேமாவின் கண்ணாடி மைனஸ் எட்டு. முகூர்த்தத்தன்று காலை மணமகள் அறையில் அதற்கு ஒரு பஞ்சாயத்தே நடந்தது.

சின்னமனூரிலிருந்து வந்த பியூட்டீசியன் சினேகா நல்ல பெண். "கண்ணாடியோடவே பண்ணலாம்க்கா. இந்தப் பவருக்குக் கண்ணு சின்னதாத் தெரியும். லைனரைக் கொஞ்சம் அகலமா இழுத்து, உள்பக்கம் வெளிச்சமாக் காட்டிட்டா சரியாயிரும். மூக்குல தடம் விழுகாம நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தாள்.

ஜோதிலட்சுமி கேட்கவில்லை. "ரெண்டு மணி நேரம் கண்ணுக்குப் பூசிட்டு, அதக் கொண்டுபோய்ச் சோடாபுட்டிக்குள்ள ஒளிச்சு வைக்கவா? ஆயுசுக்கும் இருக்கப்போற போட்டோடி."

லென்ஸ் வைத்தால் ஹேமாவுக்குக் கண் சிவந்து நீர் வடியும். அதனால் கண்ணாடி அம்மாவின் கைப்பைக்குள் போனது.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதேம்மா."

"நான் பின்னாலயே நிக்கிறேன். யாரு என்னன்னு சொல்றேன். நீ சிரிச்சாப் போதும்."

அப்படித்தான் நடந்தது. எதிரே இருந்த சனம் முழுக்க ஹேமாவுக்கு மழையில் நனைந்த கோலம் மாதிரி இருந்தது. காதோரம் அம்மா சொல்லச் சொல்ல, "கெங்குவார்பட்டி சித்தப்பா, கும்பிடு", "உங்க டீச்சர், சிரி" என்று எல்லாம் குறையில்லாமல் நடந்தது. அண்ணன் போட வேண்டிய மோதிரத்தை மட்டும் சித்தப்பா மகன் விஷாலை விட்டுப் போட வைத்து ஒப்பேற்றினார்கள்.

இதையெல்லாம் கேட்டு ராஜபாண்டி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அட, அம்புட்டுத்தானா? முறைச்சது இல்லையா அது? இப்பவே போன் போட்டுச் சொல்லிர்றேன். வேகாத வெயில்ல அந்தப் பச்சைச் சட்டையோட பஸ்ஸு ஏறிப் போனான் பாவி."

"பச்சைச் சட்டையா?"

"ஆமா. கிளிப்பச்சை. கூட்டத்துல நீ கண்டுபிடிக்கணும்னே போட்டு வந்திருக்கான்."

ஹேமா மெதுவாக உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையில் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"நான் பாத்தேண்ணே. பச்சையா ஒரு ஆள் ரொம்ப நேரமா நின்னாக. அண்ணன் மாதிரி இருக்கேன்னு கண்ணச் சுருக்கிப் பாத்தேன். யாரும்மா அதுன்னு கேட்டேன். சமையல்காரரோட ஆளு, போட்டோக்காரரப் பாருன்னு அம்மா சொல்லுச்சு. நானும் திரும்பிக்கிட்டேன்."

ராஜபாண்டி ஜோதிலட்சுமியைப் பார்த்தான். அவள் மோதிரப் பெட்டியை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். திறக்கவில்லை.

"அம்மாவ ஒண்ணும் சொல்லாதண்ணே" என்றாள் ஹேமா அவசரமாக. "அம்புட்டுக் கூட்டம். அண்ணனும் ரெண்டு வருசத்துல இளைச்சுப் போயிருக்கும். அம்மாவுக்கும் அடையாளம் தெரிஞ்சிருக்காது."

பெண் தன்னைக் காப்பாற்றப் பேசுகிறாள் என்பதுதான் ஜோதிலட்சுமிக்குத் தாங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கப்பா பாத்தா மணவறைய விட்டு எந்திரிச்சுப் போயிருவாரேன்னு பயந்துட்டேன்டி. பந்தியில பிடிச்சுப் பேசிக்கலாம்னு இருந்தேன். ஓடிப்போய்த் தேடுனேன், அதுக்குள்ள போயிட்டான்."

"அப்ப... உனக்குத் தெரிஞ்சுச்சாம்மா?"

"மகால் வாசல்ல அவன் குனிஞ்சு செருப்பக் கழட்டுறப்பவே தெரிஞ்சிருச்சுடி."