திறந்திருந்தவை எல்லாம்

எண்டரைத் தட்டிவிட்டு அவன் கையை எடுத்துக்கொண்டான்.

திரையில் அடுக்குமாடி வீட்டு வரைபடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் வந்தன. மினுங்கின. பின்னால் போயின. ஒவ்வொன்றிலும் 'கிட்ஸ் ரூம்' அழிந்து அந்த இடத்தில் 'ஸ்டடி' வந்து உட்கார்ந்தது.

வரைபட மென்பொருளுக்காக, டீ ஆறுவதற்குள் அவன் எழுதிய சின்ன லிஸ்ப் நிரல். திறந்திருக்கும் வரைபடங்கள் எல்லாவற்றையும் எடு. பெயரை மாற்று. சேமி. நடுவில் அது யாரையும் எதுவும் கேட்காது.

மேசைக்கடியில் அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

கதவிடுக்கில் முதலாளி ஹபீப் சாரின் தலை தெரிந்தது. "பில்டர் கிளம்பிட்டாராம்பா. இனிமே ஃபிளாட் வாங்குற எவனும் புள்ள பெத்துக்க மாட்டானாம், வீட்லயே உக்காந்து லேப்டாப்பத் தட்டுவானாம். அந்தாளு ஜோசியம் அது. முடிஞ்சுதா?"

"முடியுது சார்."

தலை சிரித்துக்கொண்டே போய்விட்டது.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று விளக்கை அணைத்த பிறகு தமயந்தி கேட்டாள். அவன் மனைவி. குழந்தை வேண்டி ஊசி போட்டுப் போட்டுக் கன்றிப்போன அடிவயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி.

"போதும்னு டாக்டர்கிட்ட சொல்லிடலாமாங்க?"

அவன் தூங்கிவிட்டவனைப் போல மூச்சை நீளமாக விட்டான்.

அவன் தூங்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

காலையில் அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக, கட்டிக்கொண்டிருக்கும் தங்கள் வீட்டின் வரைபடத்தைத் திறந்தான். எதையும் வரையவில்லை. சும்மா பார்த்தான். மாடிப்படி ஏறியதும் இருந்த, 'கிட்ஸ் ரூம்' என்று எழுதிய அந்தச் சின்ன அறையைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு ஹபீப் சார் கூப்பிட்டார். அதன்மேல் பில்டரின் வரைபடங்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனான்.

மூடினானா?

முழங்கால் நின்றது.

முதல் தாவலைச் சொடுக்கினான்.

வடக்குப் பார்த்த வாசல். மாடிப்படி. சின்ன அறை.

ஸ்டடி.

விரல்கள் தாமாகவே கன்ட்ரோலுக்கும் இசட்டுக்கும் போயின. ஒரு தட்டு தட்டினால் பழையபடி ஆகிவிடும்.

கைப்பேசி அதிர்ந்தது. தமயந்தி.

சேமித்த படம் அப்போதே அவள் கைப்பேசிக்கும் போய்விடும். அவன்தான் அப்படி அமைத்துக் கொடுத்திருந்தான். கட்டட வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வது அவள். இன்று மாடிச் சுவர் எழும்புகிறது.

"மேஸ்திரிக்குக் காட்டலாம்னு படத்தத் தொறந்தேன்," என்றாள்.

பின்னால் கலவை இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது.

"மாத்திட்டீங்க."

"தமயந்தி, அது வந்து…"

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல. ராத்திரி அப்படி ஒரு நடிப்பு. குறட்டை மட்டுந்தான் பாக்கி."

திட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். இல்லை. அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகைக்கு நடுவே குரல் லேசாகியிருந்தது. கல்யாணமான புதிதில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து இப்படித்தான் பேசிக்கொண்டு வருவாள்.

"எங்க நீங்க விடவே மாட்டீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்," என்றாள்.

விரல்கள் இன்னும் விசைகளின் மேல்தான் இருந்தன.

இது நான் செய்ததில்லை. நிரல் செய்தது. மூட மறந்துவிட்டேன்.

சொல்ல இவ்வளவுதான் இருந்தது.

"லைன்ல இருக்கீங்களா? மேஸ்திரி ஜன்னலப் பத்திக் கேக்குறாரு. அதே உயரமா, இறக்கவான்னு."

திரையில் அந்த ஜன்னலைப் பார்த்தான். குழந்தை ஏறி எட்டிப் பார்த்து விழுந்துவிடக் கூடாதென்று ஆளுயரத்துக்கு ஏற்றி வைத்தது. படம் வரைந்த அன்றைக்கு இரண்டு பேரும் இப்போதிருக்கும் வீட்டுச் சுவரில் கையை வைத்து அளந்து பார்த்தார்கள். இன்னும் மேலே, இன்னும் மேலே என்று அவன்தான் சொன்னான்.

"என்னங்க?"

"இறக்கிடச் சொல்லு," என்றான். "மேசை போட்டா வெளிச்சம் வேணும்ல."

அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே யாரிடமோ சத்தமாகச் சொன்னாள்.



பிறகு, ஜன்னலுக்கடியில் உயர்த்திய, ஈரம் காயாத செங்கல் வரியைக் கரண்டியால் தட்டிப் பெயர்க்கும் ஓசை கேட்டது.