இன்னொரு தடவை லேசர்

"சொம்ப எங்கடி வெச்ச? குருடிதானேன்னு எளக்காரமா?" ராயம்மாள் பாயில் உட்கார்ந்தபடி தரையைத் துழாவினாள். மருமகள் லூர்தம்மாள் ஓடிவந்து சொம்பைக் கையில் கொடுத்தாள்.

1989-லேயே, கடத்தூரில் கண்ணுக்குள் லென்ஸ் வைத்துக்கொண்ட முதல் ஆள் ராயம்மாள்தான். இலவசக் கண் முகாமில் ஆபரேஷன் செய்து சோடாபுட்டிக் கண்ணாடி வாங்கியவர்களை அவள் மனுஷராகவே மதித்ததில்லை. இப்போது லென்ஸுக்குப் பின்னால் ஏடு படர்ந்து, போன வாரம் பெங்களூரில் லேசர் அடித்தும் தெளியவில்லை என்கிறாள்.

"ஒரு தடவ போதும்னு டாக்டரு சொன்னாரேம்மா?" என்றான் மகன் இன்னாசிராஜ்.

"கண்ணு டாக்டருக்கா, எனக்கா? பனிமூட்டமாவே கெடக்குது. மறுபடியும் இட்டுகினு போடா." சொல்லிக்கொண்டே உப்புமாவில் கிடந்த பச்சைமிளகாயை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

பெற்றவளுக்காக இரண்டாவது தடவை பஸ் ஏறுகிற பிள்ளையா அவன்? "எனக்கு வேல கெடக்குது. இவள இட்டுகினு போ" என்றான்.

லூர்தம்மாள் தயங்கினாள். "ஏங்க, பெங்களூரு வரைக்கும் போறோம். எங்கம்மா அங்க அண்ணன் வூட்டுல இழுத்துக்கினு கெடக்குதுங்க. ஒருவாட்டி மொகத்தப் பாத்துட்டு..."

"அந்த வூட்டுப் படிய மிதிச்சே, இங்க திரும்பி வராத!" விருந்தில் தனக்குக் கோழித்தொடை வைக்கவில்லை என்று மாமியார் வீட்டு உறவையே முறித்துக்கொண்ட மகா வீரன் அவன்.

"ஆத்தாளப் பாக்கணுமாம், ஆத்தாள!" ராயம்மாள் முகத்தைச் சுளித்தாள். "ஒரு குருடியக் கை புடிச்சு நடத்தவே துப்பில்ல. நீ கவலப்படாதடா, இவ முந்தானைய என் கையில சுத்திக்கறேன். எங்க ஓடுவா?"

சொன்னபடியே செய்தாள். பஸ்ஸில் லூர்தம்மாள் சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தாள். கிழவி குறட்டை விட்டுத் தூங்கினாள். இவளெல்லாம் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் நற்கருணை வாங்குகிறாள், சீ!

பெங்களூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் லூர்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினாள். ராயம்மாள் முந்தானையை உதறி விட்டாள்.

"உங்கண்ணனுக்குச் சொல்லி உட்டிருந்தேன். அதோ, கடைசித் தூணுகிட்ட நீலச் சட்டையில நிக்கறான் பாரு. ஓடுடி, உங்கம்மாவப் பாத்துட்டு வா!"