முனை வெட்டும் இடம்

வாய்மொழித் தேர்வுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தம்பியைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, அக்கா கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கொலாஜன் புரதத்தோட மூணு இழையும் எங்கே முறுக்கிக்குது?”

“செல்லுக்குள்ள, எண்டோபிளாச வலையில.”

“அப்புறம்?”

“கோல்கிக்குப் போய், பொட்டலமாகி வெளியே போகுது.”

“அதோட ரெண்டு முனையும் எங்கே வெட்டுப்படுது?”

தம்பி நகத்தைக் கடித்தான். “கோல்கியிலயே.”

“மண்டு. செல்லை விட்டு வெளியே வந்தப்புறம்தான் வெட்டு. உள்ளேயே வெட்டினா அங்கேயே நாராத் திரண்டு செல்லையே அடைச்சுக்கும். போன வருஷமும் இதுலதான் திருதிருன்னு முழிச்ச. நம்ம குடும்ப மானம் கப்பலேறணுமா?”

“உடம்பு சரியில்லைன்னு சொல்லிடவாக்கா?”

அழைப்பு மணி அடித்தது. வாசலில் கல்லூரி டிரைவர் நின்றார்.

“புரொபசர் சார், வண்டி வந்தாச்சு. பசங்க எல்லாம் வந்துட்டாங்க. நீங்க வந்து கேள்வி கேட்க வேண்டியதுதான் பாக்கி.”

நரைத்த மீசையைத் துடைத்துக்கொண்டு தம்பி எழுந்தார். அக்கா அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“யார் என்ன பதில் சொன்னாலும், ‘நிச்சயமா?’ன்னு மட்டும் கேளுடா. அந்த நாற்காலியில அப்பா இருபது வருஷம் அப்படித்தான் காலம் தள்ளினார்.”