நம்ப முடியாத கண்

டாக்ஸி மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் வக்கீல் போனில் மனைவியிடம் குஷியாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"கொலைக் கேஸ் அப்பீல்ல தீர்ப்பு வந்துடுச்சு, நம்ம கட்சிக்காரன் விடுதலை! கொலையைப் பார்த்தது ஒரே ஒரு வாட்ச்மேன்தான். அவனுக்குப் பத்தடி தாண்டினா கண் தெரியாது, புத்தியும் சரியில்லைன்னு அடிச்சு விட்டேன்... அவன் மூஞ்சியா? நான் எங்க பார்த்தேன்? அப்பீல்ல சாட்சியைக் கூப்பிட மாட்டாங்க, வெறும் காகிதம்தானே!"

போனை வைத்ததும் டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"எதிர்ல லாரி வர்ற மாதிரி இருக்கு சார். ஆனா நான் சொன்னா நம்பிடாதீங்க."

"என்னய்யா உளர்றே?"

"அந்த வாட்ச்மேன் நான்தான் சார். போன மாசம் நீங்க வாதாடினது பேப்பர்ல வந்துச்சு. மறுநாளே வேலை போயிடுச்சு. அதான் டாக்ஸி ஓட்டறேன்."

வண்டி வேகமெடுத்தது.

"பயப்படாதீங்க சார். மோதினாலும் என் மேல கேஸ் நிக்காது. புத்தி சரியில்லாதவன்தானே?"

லாரி ஹாரன் அலறியது. வக்கீல் முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஐயா சாமி! உங்களுக்குக் கண்ணும் நல்லாத் தெரியுது, புத்தியும் தெளிவா இருக்கு! ஓரங்கட்டுங்க!"

டிரைவர் அலட்டிக்கொள்ளாமல் ஓரங்கட்டி லாரிக்கு வழிவிட்டார். கண்ணாடி வழியாக வக்கீலைப் பார்த்தார்.

"இதையே அன்னிக்கு ஜட்ஜ்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்!"